நடப்போருக்கு விடை சொல்லும் சுவர்: தற்காலிக ஊடாடும் முகப்புகளின் வடிவமைப்பு

ஆய்வுச்சுருக்கம்

வாகனங்கள் விலக்கப்பட்டு நடப்போருக்கென ஒதுக்கப்பட்ட நகரத் தெருக்கள், கடைகள் மூடிய பின் வெறிச்சோடுவது பல நகரங்களின் பட்டறிவு. அந்நேரத்தில் தெருவுக்கு உயிரூட்டும் முயற்சிகளுள் ஒன்று தற்காலிக ஊடாடும் முகப்பு. ராட்டர்டாம், பெர்லின் ஆகிய நகரங்களில் 2001ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இரு படைப்புகளை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, இத்தகைய முகப்பின் வடிவமைப்பு சுவரைவிடத் தரையிலேயே தீர்மானிக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நடையின் வேகம், ஒளிமூலத்தின் இடம், பார்ப்போருக்கும் இயக்குவோருக்கும் உள்ள உறவு, பொழுது, ஒப்புதல் ஆகியவை இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊடாடும் முகப்பு, நடைத்தெரு, பொதுவெளி, ஒளிக்கலை, நகர வடிவமைப்பு

முன்னுரை

1940 மே 14 அன்று ஜெர்மானிய வான்படையின் குண்டுவீச்சில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர மையம் அழிந்தது. அழிந்த பகுதியை மீளக் கட்டும் பணியின் ஒரு பகுதியாக 1953இல் லைன்பான் என்னும் கடைத்தெரு திறக்கப்பட்டது. வான் டென் புரூக், பாக்கெமா ஆகிய கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அத்தெருவில் தொடக்கம் முதலே வாகனங்களுக்கு இடமில்லை. சரக்குகள் பின்புறத் தெருக்கள் வழியே கடைகளுக்குள் சென்றன. முன்புறம் முழுவதும் நடப்போருக்கு உரியதாயிற்று. ஐரோப்பாவில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நடைத்தெருக்களுள் இது மிக முற்பட்ட ஒன்று. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெருவிலிருந்து வாகனங்கள் விலக்கப்பட்டது இதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1962 நவம்பரில்தான்.

வாகனத்தை விலக்குவது நடப்போருக்கு இடத்தைத் தரும். அங்கே நிற்பதற்குக் காரணத்தைத் தராது. பகலில் அக்காரணத்தைக் கடைகள் தருகின்றன. லைன்பானின் கடைகள் தாழ்ந்த கட்டடங்கள். குடியிருப்புகள் அவற்றின் பின்னே தனி அடுக்குமாடிகளாக எழுந்தன. கடை மூடிய பிறகு தெருவை நோக்கி விளக்கெரியும் சன்னல் குறைவு. இது ஒரு தெருவின் குறை அன்று. கடைகளை மட்டுமே நம்பிக் கட்டப்பட்ட நடைத்தெருக்கள் அனைத்துக்கும் பொதுவான நிலை இது. இந்நிலையை மாற்ற நகர நிர்வாகங்கள் அலங்கார விளக்குகளையும் விழாக்களையும் விளம்பரத் திரைகளையும் நாடுகின்றன. இவற்றுள் எதுவும் நடப்பவரைக் கண்டு மாறுவதில்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் போக்கில் ஒளிர்பவை. ஊடாடும் முகப்பு இவற்றினின்று வேறுபடுவது இந்த ஒரு புள்ளியில்தான்.

இங்கு ‘முகப்பு’ என்பது கட்டடத்தின் தெருவை நோக்கிய முன்புறத்தைக் குறிக்கிறது. ‘ஊடாடும்’ என்னும் சொல் கணினித் துறையில் பயன்பாட்டிற்கு வந்து நிலைபெற்றுவிட்டது. ‘இடைவினை’ என்னும் மாற்றுச்சொல்லும் வழங்குகிறது. எனினும் நடுவே திரிதல், பழகுதல் என்னும் பழைய பொருள்களையும் ‘ஊடாடுதல்’ தாங்கியிருப்பதால் தெருவில் நிகழும் ஒன்றைக் குறிக்க அதுவே பொருந்துகிறது. ‘தற்காலிகம்’ என்பது ஓரிரவு முதல் ஓரிரு ஆண்டுகள் வரை நிற்கும் அமைப்புகளைச் சுட்டுகிறது.

இத்தகைய முகப்புகளைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் சுவரைப் பற்றியதாகவே அமைகிறது. எத்தனை விளக்குகள், எத்தனை சதுர மீட்டர், எவ்வளவு தெளிவு என்பனவே முதலில் கேட்கப்படுகின்றன. நடப்பவர் எங்கே நிற்கிறார், தன் செயலுக்குச் சுவர் விடை சொல்கிறது என்பதை அவர் எப்போது உணர்கிறார், அருகில் நிற்பவர் அதனை எப்படி அறிகிறார் என்னும் வினாக்களே முகப்பின் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. அவற்றின் விடைகள் தரையில் உள்ளன.

நடையின் வேகமும் முகப்பின் அலகும்

டேனிஷ் நகர வடிவமைப்பாளர் யான் கேல் தம் ஆய்வுகளில் மனித நடையின் வேகத்தை அளவுகோலாகக் கொண்டார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்காகக் கட்டப்பட்ட தெருவில் பெரிய உருவங்களும் நீண்ட வெற்றுப் பரப்புகளும் போதும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அவை சலிப்பூட்டும். நடப்பவரை ஈர்க்கும் தெருவில் 100 மீட்டர் நீளத்திற்கு 15 முதல் 20 வரை வாயில்கள் இருக்க வேண்டும் என்பது அவருடைய வரையறை. கோபன்ஹேகனில் அவரும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்திய ஆய்வில், திறந்த உயிர்ப்புள்ள முகப்புகளின் முன் நிகழ்ந்த மொத்தச் செயல்பாடு, மூடிய முகப்புகளின் முன் நிகழ்ந்ததைப் போல் ஏழு மடங்காக இருந்தது.

இவ்வரையறையை நொடிக்கணக்கில் மாற்றினால் வடிவமைப்பாளருக்கு அது மேலும் பயன்படும். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர். 100 மீட்டரைக் கடக்க 71 நொடிகள் ஆகும். அதற்குள் 15 முதல் 20 வாயில்கள் என்றால் ஏறத்தாழ 4 நொடிக்கு ஒருமுறை புதியதொன்று கண்ணில் படுகிறது. நல்ல கடைத்தெருவின் தாளம் அது. 20 மீட்டர் அகலமுள்ள வெற்றுச் சுவரை ஒருவர் 14 நொடிகளில் கடந்துவிடுகிறார். அச்சுவரில் ஊடாடும் முகப்பு அமைக்கப்பட்டால், கவனித்தல், ஐயுறல், சோதித்துப் பார்த்தல், நின்றுவிடல் ஆகிய அனைத்தும் அந்த 14 நொடிக்குள் நிகழ வேண்டும். மனிதச் செயலுக்கும் எந்திரத்தின் மறுமொழிக்கும் இடையே 0.1 நொடிக்கு மேல் தாமதம் ஏற்பட்டால் அது உடனடி விளைவாகத் தோன்றாது என்பது கணினி ஊடாட்ட ஆய்வில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு. மேசைமுன் அமர்ந்திருப்பவர் அரை நொடித் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார். நடந்துகொண்டிருப்பவர் அதற்குள் முக்கால் மீட்டர் நகர்ந்துவிடுகிறார். அசைவது தன்னால்தான் என்று அவர் அறிய வழியில்லை.

கேல் முன்வைக்கும் ‘மென்விளிம்பு’ என்னும் கருத்து தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட திண்ணை அத்தகைய விளிம்பே. வழிப்போக்கர் அமரலாம், வீட்டார் பேச்சுக் கொடுக்கலாம், வேண்டாதபோது இருதரப்பும் ஒதுங்கலாம். ஊடாடும் முகப்பு செய்ய முயல்வதும் இதுதான். ஆனால் திண்ணையில் விடை சொன்னவர் மனிதர்.

நிழலின் அளவு: ராட்டர்டாம்

லைன்பானிலிருந்து சில நிமிட நடையில் உள்ளது ஸ்கௌபர்க்பிளைன் சதுக்கம். 1996இல் வெஸ்ட் 8 நிறுவனத்தின் வடிவமைப்பில் அது புதுப்பிக்கப்பட்டது. அதன் ஒரு புறத்தில் நெளிதகடு போர்த்திய பாத்தே திரையரங்க வளாகம் நிற்கிறது. ராட்டர்டாம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2001ஆம் ஆண்டில், அத்திரையரங்கின் முகப்பில் ‘பாடி மூவீஸ்’ என்னும் படைப்பு நிகழ்த்தப்பட்டது. உருவாக்கியவர் மெக்சிகோவில் பிறந்த கனடியக் கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மர்.

அதன் செயல்முறை எளிமையானது. ராட்டர்டாம், மாட்ரிட், மெக்சிகோ, மான்ட்ரியல் ஆகிய நகரங்களின் தெருக்களில் எடுக்கப்பட்ட மனிதர்களின் படங்கள் முகப்பின்மீது புரொஜெக்டர்களால் வீழ்த்தப்பட்டன. ஆயினும் அவை கண்ணுக்குத் தெரியவில்லை. தரையில் வைக்கப்பட்ட வலிய விளக்குகளின் வெள்ளொளி அவற்றை வெளுத்து மறைத்தது. சதுக்கத்தில் நடப்பவர் அவ்வொளியின் குறுக்கே வந்தால் சுவரில் அவர் நிழல் விழும்; நிழல் விழுந்த இடத்தில் மட்டும் வெள்ளொளி தடைபட்டு, அங்கே மறைந்திருந்த படம் தெரியும். தன் நிழலுக்குள் வேறொரு நகரத்து மனிதரைக் காண்பதே படைப்பின் மையம். நிழல்களைக் கேமரா தொடர்ந்து கவனிக்கும். எல்லாப் படங்களும் வெளிப்பட்டதும் கணினி புதிய தொகுதியைக் கொண்டுவரும். நிழல்களின் உயரம் 2 மீட்டர் முதல் 25 மீட்டர் வரை மாறியது.

இந்த அளவு வேறுபாடு எவ்வாறு வந்தது என்பது வடிவமைப்பாளர் கட்டாயம் அறிய வேண்டியது. தரைமட்ட விளக்குக்கும் சுவருக்கும் உள்ள தொலைவை, விளக்குக்கும் ஆளுக்கும் உள்ள தொலைவால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். விளக்கு சுவரிலிருந்து 30 மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 1.7 மீட்டர் உயரமுள்ளவர் விளக்கிலிருந்து 2 மீட்டரில் நின்றால் 15 மடங்கு பெருகி நிழல் 25.5 மீட்டர் எழும். அவரே 28 மீட்டர் தள்ளிச் சுவரருகே நின்றால் நிழல் 1.8 மீட்டராக ஒடுங்கும். முன்னும் பின்னும் நகர்வதன் மூலமே ஒரு சிறுவன் பெரியவர்களைவிட உயர முடிந்தது. எந்தப் பொத்தானும் எந்த அறிவிப்புப் பலகையும் இதற்குத் தேவைப்படவில்லை. நிழலை இயக்கத் தெரியாதவர் எவருமில்லை.

ஆனால் இது சதுக்கத்திற்கான கணக்கு. இதே அமைப்பை 12 மீட்டர் அகலமுள்ள தெருவுக்குக் கொண்டுசென்றால் நிலைமை மாறுகிறது. சதுக்கத்தில் மக்கள் பல திசைகளில் உலவுகின்றனர்; தெருவில் பெரும்பாலோர் சுவருக்கு இணையாக நடக்கின்றனர். உருப்பெருக்கம் நிழலின் உயரத்தை மட்டுமன்றி வேகத்தையும் அதே மடங்கில் பெருக்கும் என்பது அடிக்கடி மறக்கப்படும் உண்மை. எதிர்ப்பக்கச் சுவரடியில் விளக்கு வைக்கப்பட்டு, அதிலிருந்து 2 மீட்டரில் ஒருவர் நடந்து சென்றால் உருப்பெருக்கம் 6. நிழல் 10 மீட்டர் உயரத்திற்கு எழும், நொடிக்கு 8.4 மீட்டர் வேகத்தில் ஓடும். 20 மீட்டர் முகப்பை அது 2.4 நொடியில் கடந்து மறையும். பெரிய காட்சிதான், எனினும் தன் நிழல் என்று உணர்வதற்குள் அது போய்விடுகிறது. அவரே முகப்பை ஒட்டி, விளக்கிலிருந்து 9 மீட்டரில் நடந்தால் உருப்பெருக்கம் 1.33 மட்டுமே. நிழல் 2.3 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 11 நொடிகள் அவருடன் சேர்ந்து நடக்கும். ஒடுங்கிய தெருவில் சிறிய நிழலே நல்ல நிழல்.

ஆகவே தெருவில் நிழல்வழி முகப்பை அமைப்பவர் நடப்போரின் பாதையை முகப்பின் பக்கம் திருப்ப வேண்டும். மலர்த்தொட்டி, அமர்பலகை, தரைநிற மாற்றம் போன்றவை அதற்கு உதவும். 2008இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர இசையரங்கின் முகப்பில் ஆய்வாளர்கள் அமைத்த ஒளித்திரையில், ஊடாட்டம் நிகழும் மூன்று இடங்களும் வண்ணக் கம்பளங்களால் தரையில் அடையாளப்படுத்தப்பட்டன. விளக்கின் இடமும் நடுநிலையானதன்று. இந்திய நகரத் தெருவொன்றில் எதிர்ச்சுவரடி என்பது பெரும்பாலும் ஒருவர் கடை விரிக்கும் இடம். தெருவோர வணிகர்களுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விடத்திற்கு உரிமை சார்ந்த பொருளைத் தந்துள்ளது. ஓர் ஒளிக்கலைக்காக அவரை அகற்றுவது, இருக்கும் உயிர்ப்பை நீக்கிச் செயற்கையான உயிர்ப்பை வைப்பதாகும்.

காலியான கட்டடம்: பெர்லின்

அதே 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் பெர்லினின் அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் முற்றிலும் வேறு வகையான முகப்பு ஒளிர்ந்தது. கிழக்கு ஜெர்மனியின் காலத்தில், 1960களின் முற்பகுதியில் ஹெர்மன் ஹென்செல்மன் வடிவமைப்பில் எழுந்த ‘ஆசிரியர் இல்லம்’ அப்போது புதுப்பிப்புப் பணிக்காகக் காலியாக இருந்தது. கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்னும் கணினி ஆர்வலர் அமைப்பு தன் இருபதாம் ஆண்டை முன்னிட்டு அதனைப் பயன்படுத்திக்கொண்டது. மேல் எட்டு மாடிகளில், மாடிக்குப் பதினெட்டாக 144 சன்னல்கள். ஒவ்வொன்றின் பின்னும் 150 வாட் ஹாலஜன் விளக்கு. சன்னல் கண்ணாடிகளில் வெள்ளைப் பூச்சு இடப்பட்டதால் ஒளி சீராகப் பரவியது. ஒவ்வொரு விளக்கையும் ஒரு ரிலே வழியே கணினி எரித்தது அல்லது அணைத்தது. இவ்வாறு 18க்கு 8 என்னும் புள்ளிகள் கொண்ட திரையாகக் கட்டடம் மாறியது. ‘பிளிங்கன்லைட்ஸ்’ எனப் பெயரிடப்பட்ட இத்திட்டம் 2002 பிப்ரவரி வரை நீடித்தது.

இன்றைய கைப்பேசித் திரையின் ஓர் எழுத்துக்கே இதைவிட அதிகப் புள்ளிகள் உண்டு. இருந்தும் அந்த 144 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. சதுக்கத்தில் நிற்பவர் குறிப்பிட்ட தொலைபேசி எண்ணை அழைத்து, எண்விசைகளை அழுத்தி, ‘பாங்’ என்னும் பழைய மட்டைப்பந்துக் கணினி ஆட்டத்தைக் கட்டடத்தின்மீது ஆடினார். வீட்டிலிருப்போர் இலவச மென்பொருள் ஒன்றால் சிறு அசைபடங்களை வரைந்து அனுப்பினர். இவற்றுள் காதல் கடிதங்களுக்கென ஒரு தனி வசதி இருந்தது. அனுப்பியவருக்கு ஒரு குறியெண் தரப்படும். அவர் விரும்பிய நேரத்தில் சதுக்கத்திற்கு வந்து அவ்வெண்ணைத் தொலைபேசியில் அழுத்தினால் அவருடைய கடிதம் எட்டு மாடி உயரத்தில் ஒளிரும். பெரும்பொருட்செலவில் அமைந்த பல நிரந்தர ஒளிமுகப்புகள் நகரத்தின் பெருமையைக் காட்டின. இது ஒருவர் மற்றொருவருக்குச் சொன்ன சொல்லைக் காட்டியது. நகரமுகப்பு வரலாற்றில் இதனினும் எளிய, இதனினும் துணிவான வடிவமைப்பு முடிவு அரிது.

தற்காலிகத் தன்மை இங்கே குறையாக அன்றி அடித்தளமாக இருந்தது. குடியேறிய கட்டடத்தில் 144 சன்னல்களுக்கு வெள்ளை பூச எவர் இசைவார்? எல்லா விளக்கும் ஒருசேர எரிந்தால் 21.6 கிலோவாட் மின்சாரம் தேவைப்படும். ஆண்டுக்கணக்கில் நடத்த முடியாத செலவு, ஐந்தாறு மாதத்திற்குத் தாங்கக்கூடியது. காலியாகிப் புதுப்பிக்கப்படும் முன் உள்ள இடைக்காலம் என்பது நகரங்கள் பெரிதும் கவனியாத ஒரு வளம். அதேவேளை அவ்வளத்தின்மீது உரிமையாளர்க்கும் கண் உண்டு. பெர்லினின் பாட்ஸ்டாமர்பிளாட்ஸ் பகுதியில் 2005 முதல், குடியேறாதிருந்த அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஏறத்தாழ 1,800 ஒளிர்குழல்களால் கலைமுகப்பு அமைக்கப்பட்டது. அதில் கலை இருந்தது. கட்டடத்தின்மீது வாடகையாளர் கவனம் திரும்ப வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் இருந்தது. ஒப்பந்தம் எழுதும்போதே விளம்பரத்திற்கு எவ்வளவு நேரம், எவருடைய உள்ளடக்கம், எந்த நாளில் அகற்றம் என்பவை எழுதப்படாவிட்டால், தெருவுக்கென அமைத்த முகப்பு மெல்லமெல்ல உரிமையாளரின் பலகையாகிவிடும்.

பெர்லின் முயற்சி 2002 அக்டோபரில் பாரிசின் ‘வெள்ளை இரவு’ விழாவில் பெருவடிவம் பெற்றது. பிரான்சின் தேசிய நூலகக் கோபுரம் ஒன்றில் 20க்கு 26 என 520 சன்னல்கள் திரையாயின. விளக்குகள் ஒளிச்செறிவில் படிநிலைகளையும் காட்டின. தொழில்நுட்பம் வளர்ந்திருந்தது. மக்கள் செய்தது பெர்லினில் செய்ததையே.

கடந்த பின் திரும்புவோர்

இரு படைப்புகளும் ஒரே கேள்விக்கு எதிரெதிரான விடைகளைத் தருகின்றன. ராட்டர்டாமில் எவருடைய நிழல் எது என்பதைச் சதுக்கத்தில் இருந்த அனைவரும் கண்டனர். இயக்கியவரே காட்சியின் பகுதியானார். பெர்லினில் ஆடுபவர் கூட்டத்துள் மறைந்திருந்தார்; கட்டடம் மட்டும் ஆடியது. கூச்ச இயல்புடையவர்க்குப் பின்னது வசதி. புதியவரை உள்ளிழுக்கும் ஆற்றல் முன்னதற்கே மிகுதி. ஹாரி பிரிக்னல், இவான் ரோஜர்ஸ் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவெளித் திரையின் அருகே சிலர் கூடி நிற்பதே மேலும் பலரை அங்கே இழுக்கிறது என்பதைக் காட்டி, அதனைத் தேன்குடத்தை மொய்க்கும் ஈர்ப்புடன் ஒப்பிட்டுப் பெயரிட்டனர். திரையைத் தொலைவில் உணர்தல், நின்று கவனித்தல், நேரடியாக இயக்குதல் என மூன்று நிலைகளை அவர்கள் வகுத்தனர். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வாசலில்தான் மக்கள் தயங்குகின்றனர். பிறர் முன் நகைப்புக்கிடமாவோமோ என்னும் அச்சமே அத்தயக்கத்தின் வேர்.

நடைத்தெருவுக்கு இதனினும் நெருக்கமான கண்டுபிடிப்பு பெர்லினில் கடைச் சன்னல்களில் அமைத்த ஊடாடும் திரைகளை யோர்க் மியுல்லர் குழுவினர் ஆராய்ந்தபோது கிடைத்தது. 2012இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பலர் திரை தமக்கு மறுமொழி தருவதைக் கடந்து சென்ற பின்னரே உணர்ந்தனர். உணர்ந்ததும் திரும்பி வந்தனர். திரையில் தம் உருவமே கண்ணாடிபோல் தெரிந்தபோது அவ்வுணர்வு விரைவாகத் தோன்றியது. தெரு முகப்பின் பின்பாதி முன்பாதியைவிட முக்கியமானது என்பது இதிலிருந்து பெறப்படும். நடப்பவர் முதற்பாதியில் எதையும் அறியாமல் செல்கிறார்; விழிப்பு வரும்போது அவர் முகப்பின் முடிவில் நிற்கிறார். ஊடாடும் பரப்பு அவ்விடத்தோடு முடிந்துவிட்டால் அவர் எதிர்வரும் கூட்டத்தைக் கிழித்துத் திரும்ப வேண்டும். நெரிசலான தெருவில் பலர் திரும்புவதில்லை. முகப்பின் கடைசிப் பகுதிக்கு அப்பால் ஒதுங்கி நிற்க இரண்டு மூன்று மீட்டர் இடம் விடுவது, சுவரில் நூறு விளக்குகளைக் கூட்டுவதைவிடப் பயன் தரும்.

மக்கள் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதை முன்கூட்டிச் சொல்வது அரிது. ‘பாடி மூவீஸ்’ பிற நகரங்களுக்குச் சென்றபோது, கலகலப்பானவர்கள் எனத் தாம் எதிர்பார்த்த லிஸ்பன் மக்கள் ஒருவர் நிழல் மற்றவர் நிழல்மீது படாதவாறு கவனமாக ஒதுங்கினர் என்றும், அடக்கமானவர்கள் எனக் கருதிய இங்கிலாந்து மக்கள் கட்டற்றுக் களித்தனர் என்றும் லொசானோ-ஹெம்மர் கூறியுள்ளார். முதல் சில இரவுகளைச் சோதனையாகக் கொண்டு, பார்த்தபின் மாற்றும் வாய்ப்பைத் திட்டத்திலேயே வைப்பது தற்காலிக முகப்புக்கு மட்டுமே எளிது.

பொழுது

ஒளியால் ஆன முகப்புக்கு இருட்டு வேண்டும். வட ஐரோப்பாவில் இது எளிதாகக் கிடைப்பதில்லை. சூன் மாத ராட்டர்டாமில் கதிரவன் மறைய இரவு பத்து மணியாகும். அதற்குள் குடும்பங்கள் வீடு திரும்பிவிடும். திசம்பர் மாத பெர்லினில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே மறையும். அப்போது இருட்டு உண்டு, குளிரும் உண்டு. பெர்லின் முகப்பு செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஒளிர்ந்ததும் பாரிசின் ‘வெள்ளை இரவு’ அக்டோபரில் நிகழ்ந்ததும் இவ்வகையில் நோக்கத்தக்கன.

சென்னையில் ஆண்டு முழுவதும் கதிரவன் மறைவது மாலை ஏறத்தாழ 5.40க்கும் 6.40க்கும் இடையில்தான். மக்கள் வெயில் தணிந்து கடைத்தெருவுக்குப் புறப்படும் நேரமும் அதுவே. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் போன்ற இடங்களில் இருட்டும் கூட்டமும் நாள்தோறும் ஒன்றாகவே வருகின்றன. வட ஐரோப்பிய நகரங்கள் பருவம் பார்த்து விழா எடுக்க வேண்டியிருக்க, இங்கே அத்தேவை இல்லை. ஆனால் இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. கடைகளின் பெயர்ப்பலகைகளும் விளம்பரத் திரைகளும் அந்நேரத்தில் முழு ஒளியில் இருக்கும். வெள்ளொளியின் வேறுபாட்டை நம்பும் நிழல்வழி முகப்பு அவ்வெளிச்சத்தில் வெளிறிப்போகும். மாடிக் குடியிருப்புகளின் சன்னல்களுள் ஒளி பாய்வதும் கருதத்தக்கது. அத்தெருக்களில் கடைக்கு மேல் வீடு என்பது இயல்பு.

கேமராவும் ஒப்புதலும்

பெர்லின் முகப்பை இயக்க விரும்பியவர் தாமே ஓர் எண்ணை அழைத்தார். அழையாதவர் எவரும் ஆட்டத்தில் சேர்க்கப்படவில்லை. 2013இல் மான்ட்ரியலின் நடைவெளி ஒன்றில் அமைந்த ‘மெகாஃபோன்’ என்னும் படைப்பிலும் விரும்பியவர் ஒலிவாங்கியின் முன் வந்து பேசினார். அவர் சொற்கள் அருகிலிருந்த பல்கலைக்கழகக் கட்டடத்தின் முகப்பில் ஒளிவடிவம் பெற்றன. ராட்டர்டாமில் அவ்வாறன்று. ஒளியின் குறுக்கே நடந்தவர் எவராயினும், விரும்பினும் விரும்பாவிடினும், கேமராவின் பார்வைக்கும் சுவருக்கும் பொருளானார். முதல் வகை அழைத்துக் காத்திருக்கிறது. இரண்டாவது கேளாமல் எடுத்துக்கொள்கிறது. எனினும் கூச்சத்தைக் கடந்து மக்களை ஈர்ப்பது இரண்டாவது வகையே. வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் மெய்யான முரண் இதுவாகும்.

2001இல் சதுக்கத்துக் கேமரா ஒரு புதுமை. இன்று அதே கருவி முகத்தை அடையாளம் காணவும், வயதையும் பாலினத்தையும் ஊகிக்கவும், எத்தனை பேர் எவ்வளவு நேரம் நின்றனர் என்று எண்ணவும் வல்லது. அவ்வெண்ணிக்கைக்கு விளம்பரதாரரிடம் விலை உண்டு. செலவை ஈடுசெய்ய விரும்பும் நிர்வாகம் அதனை எளிதில் மறுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வினாவைச் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுவந்துள்ளன. வடிவமைப்பில் இதற்கான தீர்வு கேமரா பொருத்துவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். நிழலுருவைக் கண்டறிய முகம் தேவையில்லை. கருவிக்குள்ளேயே உருவத்தைக் கோட்டுருவாகச் சுருக்கி, மூலப்படத்தைச் சேமியாமலும் வெளியே அனுப்பாமலும் விட்டுவிட இயலும். கேமராவின் இருப்பைத் தரையிலேயே எழுதி அறிவித்து, அதன் பார்வைக்கு வெளியே நடக்க ஒரு பாதை விடவும் இயலும். 12 மீட்டர் தெருவில் அப்பாதைக்கு மூன்று மீட்டர் போதும்.

கேமராவைத் தவிர்க்க விரும்புவோர் வெப்ப உணரியைப் பரிந்துரைக்கின்றனர். அது முகத்தைப் பதிவு செய்வதில்லை; உடலின் வெப்பத்திற்கும் சூழலின் வெப்பத்திற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காண்கிறது. குளிர்நாட்டுத் தெருவில் அவ்வேறுபாடு தெளிவானது. தமிழ்நாட்டின் கோடை மாலையில் பகல் முழுதும் வெயிலை உண்ட நடைபாதைக் கற்களும் சுவர்களும் மனிதத் தோலின் வெப்பத்தை நெருங்கி நிற்பதால், கருவிக்கு ஆளும் கல்லும் ஒன்றாகத் தோன்றக்கூடும். அத்தகைய தெருக்களுக்குத் தரைக்கடியில் வைக்கும் அழுத்த உணரிகளே ஏற்றவை. அவை எடையை அறியும். எவருடைய எடை என்று அறியா. மழைநீர் புகாமல் அவற்றைப் பதிப்பதும், தள்ளுவண்டிச் சக்கரத்தையும் கால்தடத்தையும் பிரித்தறியச் செய்வதும் களத்தில் சோதித்துத் தீர்க்க வேண்டியவை.